கடைசிக் குழாயில் ஒரு சொட்டு

"டீச்சர், உங்க மிஷினுக்குக் கண்ணு தெரியல" என்றார் மாசிலாமணி.

ஜெபக்கனி திரும்பிப் பார்க்கவில்லை.

"எது தெரியலைன்னு சொல்லுதீங்க?"

"நான் தேடுறது எதுவுமே தெரியல."

"நீங்க என்ன தேடுதீங்க?"

இந்தக் கேள்விக்கு மாசிலாமணியிடம் நீளமான பதில் இருந்தது. நீளமான பதில் சொல்வது அவருக்குப் பிடித்த காரியமும்கூட.

இருபத்தொன்பது வருஷம் அவர் ஓர் அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியில் டாக்டராக இருந்தவர். பையில் ஊற்றி வைத்த ரத்தத்துக்கு ஆயுள் நாற்பத்திரண்டு நாள். நாற்பத்திரண்டாம் நாள் கையெழுத்துப் போட்டு நோயாளிக்குக் கொடுக்கலாம். நாற்பத்து மூன்றாம் நாள் அதே கையெழுத்தைப் போட்டுக் குப்பைக்கு அனுப்ப வேண்டும்.

இந்த நாற்பத்திரண்டு நாளில் பைக்குள் என்னதான் நடக்கிறது?

கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது. "ரூல் அப்படி, சார்."

ஓய்வு பெற்ற மறுமாதமே பாளையங்கோட்டைப் பக்கம் இருந்த இந்த ஆராய்ச்சி நிலையத்தில் மாணவராகச் சேர்ந்துவிட்டார். அதற்குள் இரண்டு வருஷம் ஓடி, இப்போது வயது அறுபது. கூடப் படித்த பிள்ளைகள் எல்லாரும் அவர் முதல் ஸ்கூட்டர் வாங்கி ஓட்டித் தேய்த்து விற்ற பிறகு பிறந்தவர்கள்.

ஜெபக்கனிக்கு இருபத்தொன்பது. ஏழு வருஷமாக அந்த அறையில் அந்த மிஷினோடு குடித்தனம் நடத்துகிறவள். டைரக்டர் உள்பட எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். யார் தொடங்கி வைத்தது என்று தெரியாது. பொருத்தமாக இருந்ததால் யாரும் மாற்றவில்லை.

"வயசான சிவப்பு செல்லு, தன் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக் கிள்ளிக் குமிழ் குமிழா வெளியே விடுதாம், டீச்சர். செல்லு பூசணிக்காய்னா அந்தக் குமிழு மிளகு. பை பழசாக ஆக அது கூடுதான்னு பாக்கணும். எண்ணணும்."

"பொடிசுங்களைத் தேடுதீங்க."

"ஆமா, பொடிசு."

மிஷினின் வேலை எளிமையானது. ஒரு மெல்லிய நீர்த்தாரையில் செல்களை வரிசையாக ஓடவிடும். குறுக்கே லேசர் வெளிச்சம் பாயும். வெளிச்சத்தைத் தாண்டும் ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு புள்ளி விழும்.

"சின்னதைக் கண்டுக்காதேன்னு இதுகிட்டச் சொல்லி வச்சிருக்கு" என்றாள் ஜெபக்கனி.

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான். பூசணிக்காய் எண்ண வந்தவங்களுக்கு மிளகு தூசிதானே, டாக்டர்."

எந்த அளவுக்குக் கீழே எண்ணக் கூடாது என்று மிஷினில் வைத்திருந்த எண்ணைக் குறைத்தாள்.

மாசிலாமணியின் பழைய ரத்தக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புத் திரையில் புள்ளிகள் விழுந்தன. மழை விட்ட சாயங்காலம் டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்குமே, அந்தக் கணக்கில் விழுந்தன.

மாசிலாமணி எழுந்து நின்றுவிட்டார்.

"இத்தனையா!"

ஜெபக்கனி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கேட்பதற்கு அங்கே ஆள் இல்லை.

•

மறுநாள் காலையில் இரண்டு கிலோ அல்வாவோடு வந்தார்.

வாசல் காவலாளிக்குக் கொடுத்தார். முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். டைரக்டர் அருணகிரியின் மேசையில், கோப்பின் மேல் நெய் வடிய வடிய வைத்தார்.

டைரக்டர் கோப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நல்ல வேளை, சார். ரெண்டு வருஷமா ஒரு முடிவும் வரலைன்னு ஆராய்ச்சிக் குழு உங்களுக்கு லெட்டர் போட்டிருக்கு, ஞாபகம் இருக்கா? வர்ற வெள்ளிக்கிழமை காட்டலைன்னா உங்க மாணவர் பதிவு ரத்து. என் கையில ஒண்ணும் கிடையாது."

"வெள்ளிக்கிழமை எதுக்கு, இன்னைக்கே காட்டுதேன்" என்று சிரித்தார் மாசிலாமணி.

கடைசியாக ஜெபக்கனியிடம் வந்தார். அல்வா வைத்து நீட்டிய இலைத்துண்டை அவள் வாங்கவில்லை.

"சும்மாக் குழாய் ஓட்டினீங்களா, டாக்டர்?"

அது அந்த அறையின் வழக்கம். தன் ரத்தக் குழாயை வைப்பதற்கு முன்னால், ரத்தமே இல்லாத ஒரு குழாயை எல்லாரும் ஓட்டியாக வேண்டும். உள்ளே வெறும் உப்புத் தண்ணீர்தான். டைரக்டருக்கும் விலக்கு கிடையாது. மாசிலாமணிக்கும் இது தெரியும். ஆனால் இருபத்தொன்பது வருஷம் ரத்தத்தோடு புழங்கியவருக்குத் தண்ணீரை ஓட்டிப் பார்ப்பது கௌரவக் குறைச்சலாக இருந்தது.

"அதுல என்ன இருக்கப்போகுது? வெறும் தண்ணி."

"ஓட்டுங்க."

ஓட்டினார்.

ஈசல் மொய்த்தது. அதே கூட்டம்தான். எண்ணிப் பார்த்தால் நேற்றையதைவிட ஏழெட்டு அதிகம்.

அவர் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையில் அல்வா ஆறிக்கொண்டிருந்தது.

"இதெல்லாம் என்ன, டீச்சர்?"

"தண்ணில உள்ள தூசி. குழாய்ல ஒட்டுன அழுக்கு. கொஞ்சம் மிஷினோட சொந்த முணுமுணுப்பு."

"அப்போ என்னோடது?"

"அதுக்குள்ள இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்."

பிறகு அவர் கையிலிருந்த இலைத்துண்டை வாங்கி ஒரு வாய் போட்டுக்கொண்டாள்.

"அல்வா அருமையா இருக்கு, டாக்டர்."

அவருக்கு அழுகை வந்தது. வெட்கமாகவும் இருந்தது. நடையில் போகிறவர் வருகிறவர் எல்லாம் கை கொடுத்தார்கள். காவலாளி புதிதாக சல்யூட் வைத்தார். மாசிலாமணி சார் நிலையம் முழுவதற்கும் அல்வா கொடுத்துவிட்டார் என்று பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். எந்த அர்த்தத்தில் சொன்னார்கள் என்று அவர் விசாரிக்கப் போகவில்லை.

•

நான்கு நாள் அவர் தண்ணீரை வடிகட்டினார்.

வேறு ஒன்றும் செய்யவில்லை. பொடிசிலும் பொடிசைப் பிடிக்கும் வடிகட்டியில் ஊற்றினார். வடிந்ததை மறுபடி ஊற்றினார். மிஷினின் குழாய்களைக் கழுவினார். கழுவிய தண்ணீரை ஓட்டிப் பார்த்தார். மறுபடி கழுவினார்.

முதல் நாள் எரிச்சலோடு செய்தார். இரண்டாம் நாள் முதுகு வலித்தது. மூன்றாம் நாள் பாட்டு வந்தது. வாய்க்குள்ளேயே பாடினார், சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது.

"டாக்டர் பாடுதீங்க" என்றாள் ஜெபக்கனி.

"தொந்தரவா இருக்கா?"

"மிஷின் ஒண்ணும் சொல்லல."

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, சும்மாக் குழாயை வைத்தார். திரை இருட்டாகவே இருந்தது. ஒரு நிமிஷத்துக்கு ஐம்பது புள்ளிதான் விழுந்தது. முன்பு ஆறாயிரம் விழுந்த இடம்.

"டீச்சர்! ஐம்பதுதான்! ஒண்ணுமே வரலை, பாருங்க!"

ஒன்றுமே வராததற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறோம் என்பது அவருக்கே விசித்திரமாகப் பட்டது.

அதன் பிறகு ரத்தப் பையிலிருந்து எடுத்ததை வைத்தார். சிவப்பு செல்லின் தோலில் மட்டும் ஒட்டிக்கொள்ளும் சாயம் ஒன்றைக் கலந்திருந்தார். ஒட்டியது எதுவோ அது வெளிச்சத்தில் மின்னும். தூசி மின்னாது.

திரை மின்னியது. ஒவ்வொரு புள்ளியும் கொழுகொழு என்று பளிச்சிட்டது.

"பொடிசுன்னு சொன்னோம். நல்ல போஷாக்கா இருக்கே, டீச்சர்!"

அவள் எட்டிப் பார்த்தாள்.

"தண்ணி சேத்து நீர்க்க விடுங்க. பத்து மடங்கு."

"இருக்கிறதே கொஞ்சம். அதையும் கரைச்சா என்ன மிஞ்சும்?"

ஜெபக்கனி எழுந்து வெளியே நடந்தாள். அவரும் பின்னால் போனார்.

வெளியே நல்ல மழை. நடையின் கோடியில், முற்றத்துக்குப் போகும் கதவில் சொரசொரப்பான கண்ணாடி பதித்திருந்தது. அந்தப் பக்கம் ஆள் வந்தால் நிழல்தான் தெரியும்.

"இங்கன நில்லுங்க. யாராவது வந்தா எத்தனை பேருன்னு சொல்லுங்க."

நின்றார். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெரிய உருவம் அசைந்து அசைந்து வந்தது.

"ஒருத்தர். நல்ல உடம்பு. கேண்டீன் அண்ணாச்சியா இருக்கும்."

கதவு திறந்தது. ஒரே குடையின் கீழ் ஒட்டிக்கொண்டு நான்கு பெண்கள் வந்தார்கள். முதலாண்டு மாணவிகள், நான்கு பேரும் ஒல்லி.

"யாரு சார் நல்ல உடம்பு?" என்றாள் அதில் ஒருத்தி, செம்மலர்.

மாசிலாமணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெண்களும் சிரித்தார்கள். பாதிச் சிரிப்பில் அவருடைய சிரிப்பு மட்டும் நின்றது.

திரும்பி அறைக்குள் ஓடினார். அறுபது வயதில் அதை ஓட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

பத்து மடங்கு நீர்க்க விட்டார். ஒட்டிக்கொண்டு வந்த கொழுத்த புள்ளிகள் போய் மங்கலான சின்னப் புள்ளிகள் வந்தன. இன்னும் ஒரு பங்கு தண்ணீர் சேர்த்தார். எண்ணிக்கை சரிபாதியானது, புள்ளியின் அளவு மாறவில்லை. மறுபடி பாதியாக்கினார். எண்ணிக்கை மறுபடி பாதி, அளவு அப்படியே.

"தனித்தனியா வாராங்க, டீச்சர்" என்றார். "ஒவ்வொருத்தரா வாராங்க."

"ம்."

அன்று சாயங்காலம் அவர் மிட்டாய்க் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து, சுற்று வழியாக வீட்டுக்குப் போனார்.

•

வியாழக்கிழமை பகல். மறுநாள் குழு கூடுகிறது.

ஒரே ஒரு குழாய் ரத்தம் மிச்சம் இருந்தது. நாற்பத்திரண்டாம் நாள் பையின் கடைசி மில்லி. மற்றதையெல்லாம் போன வாரத்து ஈசலுக்கு வாரிவிட்டிருந்தார்.

அதை ஓட்டினார். ஆறாயிரத்து இருநூற்றுப் பதினொன்று. சின்னச் சின்னதாக, தனித்தனியாக, அத்தனையும் மின்னின.

படத்தைச் சேமித்தார். அதற்கு அழகான ஒரு தலைப்பும் போட்டார்.

ஜெபக்கனி பக்கத்தில் வந்து நின்றாள்.

"இது தோலா, சாயக்கட்டியா?"

"என்ன கேக்கீங்க?"

"சாயம் தனியாவே கட்டி தட்டும், டாக்டர். கட்டி தட்டினாலும் இப்படித்தான் மின்னும். உங்க பொடிசு மாதிரியே இருக்கும்."

அவர் முகம் விழுந்துவிட்டது.

"எப்படிப் பிரிச்சுப் பாக்க?"

அவள் மேசையில் ஒரு சின்ன பாட்டிலை வைத்தாள். உள்ளே தண்ணீர் மாதிரிதான் ஏதோ இருந்தது. குலுக்கினால் நுரைத்தது.

"சோப்பு?"

"அந்த ஜாதிதான். ஒரு சொட்டு விட்டா, தோல் உள்ளதெல்லாம் கரைஞ்சு போயிரும். சாயக்கட்டி கரையாது. முன்னால எண்ணின அதே குழாய்லதான் விடணும்."

மாசிலாமணி குழாயைப் பார்த்தார். பாட்டிலைப் பார்த்தார்.

"கரைஞ்சா திரும்பி வருமா?"

"வராது."

"கரையலைன்னா?"

"மூணு நாளா சாயம் எண்ணியிருக்கீங்க."

மாசிலாமணி பாட்டிலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

"டீச்சர், இந்தப் படம் நல்லாத்தானே இருக்கு? இதை மட்டும் காட்டினாக்கூடக் குழுவுல யாரும் கேக்க மாட்டாங்கல்லா?"

"கேக்க மாட்டாங்க."

"நீங்க?"

"நானும் சொல்ல மாட்டேன்."

அவள் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஒரு பழைய பட்டியலை எடுத்து நகல் எழுதத் தொடங்கினாள்.

அவள் திட்டியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும். இருபத்தொன்பது வருஷம் ஊரெல்லாம் கேட்டுத் திரிந்த கேள்வி அது. குழுவுக்கும் அந்தக் கேள்விக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கேட்டவர் இவர்தான். இப்போது பதில் சொல்ல வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "ரூல் அப்படி, சார்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்ளப் போகிறாரா?

பயமாகத்தான் இருந்தது. பதிவு போய்விட்டால் இன்னொரு நிலையம் அறுபது வயது மாணவரைச் சேர்க்காது. வீட்டில் ஈஸிசேரும் பேப்பரும் காத்துக்கொண்டிருந்தன.

பாட்டிலைத் திறந்தார்.

ஆயிரம் பேருக்கு ஊசி போட்ட கை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு சொட்டு.

"எவ்வளவு நேரம், டீச்சர்?"

"பத்து நிமிஷம்."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

"பாடுங்க."

அவர் பாடவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தார். அவள் பட்டியலில் ஒரே வரியை இரண்டு தடவை எழுதிவிட்டு அடித்தாள்.

பத்து நிமிஷம் ஆனது. குழாயை வைத்தார். பொத்தானை அமுக்கினார்.

ஒரு புள்ளி விழுந்தது.

இன்னொன்று விழுந்தது. அப்புறம் வெகுநேரம் ஒன்றும் விழவில்லை. அப்புறம் ஒன்று. அப்புறம் மறுபடியும் இருட்டு.

ஒரு நிமிஷம் முடிந்து மிஷின் நின்றது. எண்ணிக்கை ஐம்பத்து மூன்று. சும்மாக் குழாய்க்கு வரும் அதே கணக்கு, மூன்று தூசி கூட.

மாசிலாமணி எண்ணை ஒரு தடவை வாசித்தார். விரலை வைத்து இன்னொரு தடவை வாசித்தார்.

"போச்சு" என்றார் மெதுவாக.

ஜெபக்கனி பேனாவைக் கீழே வைத்தாள்.

"போச்சு, டீச்சர்! எல்லாம் போச்சு! ஆறாயிரமும் போச்சு!"

அந்தச் சத்தம் கேண்டீன் வரைக்கும் கேட்டது. முதலில் செம்மலர் ஓடி வந்தாள், சாருக்கு நெஞ்சுவலி என்று நினைத்து. அவள் பின்னால் மற்ற மூன்று பேரும் வந்தார்கள். காவலாளி தண்ணீர் பாட்டிலோடு வந்தார். எல்லாரையும் விலக்கிக்கொண்டு டைரக்டர் அருணகிரி வந்தார்.

வந்தவர்கள் கண்டது இதுதான். கறுப்பாக, காலியாக ஒரு திரை. அதன் முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, செருப்பு ஒரு பக்கம் கழன்று கிடக்க, அறுபது வயது டாக்டர் ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். ஏழு வருஷத்தில் யாரும் பல்லைப் பார்த்திராத ஜெபக்கனி டீச்சர் மேசையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணைத் துடைத்தாள், மறுபடி சிரித்தாள்.

டைரக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைக் கிட்டத்தில் பார்த்தார். கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

"மாசிலாமணி சார், நாளைக்குக் குழு. ஞாபகம் இருக்கா? இதுல ஒண்ணையும் காணோமே! இதுக்கா இந்த ஆட்டம்?"

மாசிலாமணி அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"இருந்தாத்தானே சார் போகும்!"